பூஜ்யம் காட்டாத தண்ணீர்

கடலில் வாய் திறந்த பாட்டிலைக் கயிற்றில் இறக்கி, வேண்டிய ஆழத்தில் மூடி, தண்ணீரோடு மேலே இழுப்போம். ஆய்வகத்தில் அதைச் சோதிக்கும் முன் காய்ச்சி வடித்த வெறும் தண்ணீரைக் கருவியில் வைப்போம். உப்பு பூஜ்யம் என்று வந்தால்தான் அன்றைய வேலை தொடங்கும்.

திங்கட்கிழமை பூஜ்யம் வரவில்லை. கடலின் மேல்மட்டத்து உப்பு அப்படியே வந்தது.

"தீசிஸ் எழுதி அழுததெல்லாம் இதுல விழுந்துடுச்சாடி?" என்று சீனியர் அக்கா சிரித்தாள்.

எல்லாவற்றையும் கழுவினோம். கை தேய்ந்ததுதான் மிச்சம். மறுநாள் கொஞ்சம் ஆழத்து நீரின் எண் வந்தது. அதற்கடுத்த நாள் இன்னும் ஆழம். எங்களுக்குக் காது அடைத்தது. வீட்டுக்குப் போகும்போது ஆய்வகக் கதவைத் தோள் கொடுத்துத் தள்ள வேண்டியிருந்தது.

"கீலுக்கு எண்ணெய் போடச் சொல்லணும்" என்றார் பேராசிரியர்.

இன்று வந்தது கடலடி நீரின் எண். சாப்பிடக் கிளம்பினோம். மூவரும் சேர்ந்து தள்ளியும் கதவு அசையவில்லை.

"வாட்ச்மேனைக் கூப்பிடும்மா, வெளியிலேருந்து இழுக்கட்டும்" என்றார் பேராசிரியர்.

அக்கா ஜன்னல் திரையை விலக்கினாள். மத்தியான வேளையில் வெளியே ஒரே இருட்டு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அவள் கையெழுத்தில் லேபிள் ஒட்டிய பாட்டில் ஒன்று, வாய் திறந்தபடி, கயிற்றில் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.