லாரிக்கு ஓர் இடம்

"முடியாதுன்னா முடியாதுதான்!"

ஜெயபிரகாஷ் அதை இங்கிலீஷில் சொன்ன தோரணையைப் பார்த்து வசந்தாமணிக்குப் பெருமை தாங்கவில்லை. ஆம்பளைன்னா இப்படிப் பேசணும். தன் வீட்டுக்காரர் சேனாபதியும் இருக்கிறாரே, வெள்ளைக்காரன் தும்மினால்கூட 'சாரி' சொல்கிற ஜென்மம்.

தாங்க்ஸ்கிவிங் லீவு. அமெரிக்காவில் அவர்கள் குடியிருந்த ஆலன் ஊரிலிருந்து, சிநேகிதமான இரண்டு குடும்பமும் சேர்ந்து, கட்டிலும் அடுப்பும் வைத்த ஒரு ஆர்.வி. வண்டியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு மலை பார்க்கக் கிளம்பியிருந்தார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு, வண்டிகள் நின்று இளைப்பாறும் ஹைவே ரெஸ்ட் ஏரியாவுக்குள் நுழைந்தபோது, பெரிய வண்டிகளுக்கான நீளக் கட்டங்களில் ஒன்றே ஒன்றுதான் காலி. அதில் நிறுத்தி, இறங்கி, புளியோதரை டப்பாவைத் திறந்த நேரத்தில் அந்த லாரிக்காரர் வந்து நின்றார்.

தொப்பி கையில் இருந்தது. கண் இரண்டும் சிவந்திருந்தன.

"சார், ஒரு நாளைக்குப் பதினோரு மணி நேரம்தான் நான் ஓட்டலாம். அது முடிஞ்சுபோச்சு. மேல ஓட்டிப் பிடிபட்டா லைசென்ஸ் போயிடும். அடுத்த இடம் அறுபது மைல் தள்ளி. எப்படியாவது கொஞ்சம் இடம் பண்ண முடியுமா?"

ஜெயபிரகாஷ் போர்டைக் காட்டினான். "ட்ரக்குக்கும் ஆர்.வி.க்கும்னு போட்டிருக்கு. நாங்கதான் ஃபர்ஸ்ட் வந்தோம்."

அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு திரும்பி நடந்தார்.

"பாத்தீங்களாக்கா?" என்றான் ஜெயபிரகாஷ். "நம்ம ஊரோ அமெரிக்காவோ, லாரிக்காரங்க எல்லாம் ஒரே ரகம். ரோடு என்னமோ அவங்க அப்பன் வீட்டு சொத்து மாதிரி!"

"நல்லாக் கேட்டே தம்பி" என்றாள் வசந்தாமணி.

அவன் மனைவி புஷ்பவல்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைக் கீழே வைத்தாள். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டினாள். நேராகப் பக்கத்துக் கட்டத்தில் நின்ற ஆர்.வி.யின் கதவைத் தட்டி, உள்ளே இருந்த வயதான தம்பதியிடம் ஏதோ சொன்னாள். ரெண்டே நிமிஷம். அந்தத் தாத்தா தன் வண்டியைக் கட்டத்தின் முன்கோடு வரைக்கும் நகர்த்திக்கொண்டார்.

"சேனாபதி அண்ணா, நம்ம வண்டிய எடுங்க. அவங்க பின்னாடி ஒட்டி நிறுத்திடலாம். ஒரு லாரி நிக்கற நீளத்துல நம்ம மாதிரி ரெண்டு வண்டி நிக்கும். லாரிக்கு ஒரு கட்டம் முழுசாக் கிடைச்சுடும்."

"புஷ்பா, உனக்கென்ன பைத்தியமா? வாடகை வண்டி! இடிச்சா யார் பதில் சொல்றது?" என்று கத்தினான் ஜெயபிரகாஷ்.

"இடிக்காதுங்க."

சேனாபதி வழக்கம்போல் சொன்ன பேச்சைக் கேட்டார். வசந்தாமணி பல்லைக் கடித்தாள்.

அப்புறம் நடந்ததை அவள் ஜென்மத்துக்கும் மறக்கமாட்டாள். புஷ்பவல்லி வண்டியோடு பக்கவாட்டில் நடந்தாள். உள்ளங்கையால் வண்டியின் உடம்பில் 'டப் டப்' என்று தட்டினாள். "வரட்டும்... வரட்டும்... கொஞ்சம் லெஃப்ட்ல ஒடிங்கண்ணா... வரட்டும்..." ஓங்கி ஒரே ஒரு 'டப்'. வண்டி நின்றது. இரண்டு வண்டிக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை.

அடுத்தது லாரி. ஒரு பக்கம் ஒட்டி நிற்கும் இரண்டு ஆர்.வி., மறுபக்கம் வேறு லாரி. நடுவில் ரிவர்ஸில் நுழைய வேண்டும்.

"டூ, கம். ஒன், ஸ்டாப். ஓகே?" என்றாள் டிரைவரிடம்.

அவர் சிரித்துக்கொண்டே ஏறினார். டப் டப். டப் டப். கண்ணாடியில் அவருக்குத் தெரிகிற மாதிரி ஒதுங்கி நடந்தபடி, எழுபது அடி லாரியைக் கன்றுக்குட்டியை ஓட்டிப்போகிற மாதிரி உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்தாள். கடைசியில் ஒரு டப்.

வரிசையில் நின்ற லாரிகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்தன. அந்தப் பாட்டியம்மா கைதட்டினாள். அதைப் பார்த்து இன்னும் நாலு ஆர்.வி.க்காரர்கள் தாங்களாகவே ஜோடி சேர்ந்து நின்றார்கள். இடம் இல்லையென்று திரும்பிப் போகவிருந்த இரண்டு லாரிகள் ஜம்மென்று உள்ளே வந்தன. அவற்றையும் தட்டியே நிறுத்தினாள் புஷ்பவல்லி.

"இருபத்தஞ்சு வருஷமா ஓட்டறேம்மா. நீங்க பின்னாடி நின்னா கண்ணை மூடிக்கிட்டு வருவேன்" என்றார் அந்த டிரைவர். இனி நிம்மதியாகத் தூங்குவார் மனுஷன். வசந்தாமணிக்கே அதைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

"ஏன்டி புஷ்பா, பேங்க் மேனேஜர் பொண்ணு நீ. இந்த வித்தையெல்லாம் எங்கே கத்துக்கிட்டே?"

புஷ்பவல்லி கையில் அப்பியிருந்த கரியைத் துடைத்தாள். "கல்யாணம் ஆகி விசா வர்ற வரைக்கும் எட்டு மாசம் நாமக்கல்ல மாமனார் வீட்ல இருந்தேன்லக்கா. அங்க... பக்கத்து வீட்ல ஒரு லாரி இருந்துச்சு. தினம் சாயங்காலம் அத ஷெட்ல விடறப்ப பின்னாடி நின்னு தட்டுவேன்."

"நல்லா இருக்கே! உங்க மாமனார் தாசில்தாரா இருந்தவர்னு ஜெயபிரகாஷ் சொல்லியிருக்கான். அப்பேர்ப்பட்ட வீட்டு மருமக, பக்கத்து வீட்டு லாரிக்கு கிளீனரா?"

புஷ்பவல்லி தலையைக் குனிந்துகொண்டாள்.

ஜெயபிரகாஷ் அவளைப் பார்த்தான். வரிசையில் நின்ற லாரிகளைப் பார்த்தான். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்.

"பக்கத்து வீடு இல்லக்கா, எங்க வீடு. அந்த லாரிய முப்பது வருஷம் ஓட்டி என்னைப் படிக்கவெச்சது எங்கப்பா."