சிக்னல் கிடைக்கிற வரைக்கும்

"காசு இருந்தா குடு, இல்லாட்டி அங்கிட்டு நில்லு தம்பி. சோறு ஆறிப்போகுது."

கேன்டீன் அடைக்கலமேரி அக்கா சொன்னதைக் காதிலேயே வாங்காமல், நிலவழகன் போனைத் தலைக்கு மேலே தூக்கிச் சிக்னல் தேடிக்கொண்டிருந்தான். தீபாராதனை காட்டுகிற மாதிரி இருந்தது. பின்னால் வரிசை முணுமுணுத்தது.

அடுத்து நின்றவள் கார்த்திகா, எம்.பி.ஏ. கல்லூரிப் பிள்ளைகள் ஏன் போனில் பணம் கட்டுகிறார்கள் என்பதுதான் அவளுடைய புராஜெக்ட். கேட்கிறது மற்றவர்களிடம் என்றாலும், பதிலை அவளே முடிவு பண்ணி வைத்திருந்தாள். வசதி, கேஷ்பேக், பந்தா.

இவன் சந்தேகமே இல்லாமல் பந்தா.

"நான் கட்டிடுறேங்க. நகருங்க, அப்புறமா குடுங்க."

"வேணாங்க. நான்தான் அனுப்பணும்."

"சட்டைப் பையில நூறு ரூபா எட்டிப் பாக்குது. அதக் குடுக்கலாம்ல?"

"அது சரியா வராதுங்க."

பந்தாவுக்கும் ஒரு அளவு வேண்டாமா? அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"போன்லதான் கட்டுவேன்னு அப்படி என்னங்க வீம்பு? சொல்லுங்க, என் புராஜெக்ட்டுக்காவது ஒதவும்."

நிலவழகன் நெளிந்தான்.

"வீம்பெல்லாம் இல்லைங்க. அம்மா கணக்குலேருந்து நான் கட்டுற மாதிரி வச்சிருக்கோம். அவங்க கட்டுமாவடியில மீன் விக்கிறாங்க. இங்க நான் கட்டுனா, அங்க அவங்க போன் டிங்குன்னு சத்தம் போடும். புள்ள சாப்புட உக்காந்துட்டான்னு அர்த்தம். அப்பதான் அவங்க தூக்குச்சட்டியத் தொறப்பாங்க."

"ஒரு போன் பண்ணிச் சொல்லிட வேண்டியதுதானே?"

"சொன்னா நம்ப மாட்டாங்க. மொத வருசம் பட்டினி கெடந்துட்டு, சாப்புட்டேன்னு பொய் சொல்லி மாட்டிக்கிட்டேன்."

கார்த்திகாவுடைய மூன்று காரணங்களில் எதிலும் இது அடங்கவில்லை.

பின்னாலிருந்து ஒருத்தன், "அக்கா, இன்னும் எவ்வளவு நேரம் நிக்கிறது?" என்று ஆரம்பித்தான்.

அடைக்கலமேரி அக்கா கரண்டியைக் கீழே வைத்தார்.

"யாரு போன்லப்பா நெட்டு எடுக்குது? இவனுக்கு ஹாட்ஸ்பாட் போட்டு விடுங்க. கட்டுமாவடியில ஒருத்தி இன்னும் சாப்புடாம இருக்கா."