அரைபடாத பிரிட்ஜ்

லாரி உயரத்துக்கு ஒரு மிக்ஸி செய்து, அதில் கட்டில், பைக், பீரோ என்று கிடைத்ததையெல்லாம் அரைத்து வீடியோ போடுகிறவர் மாப்பிள்ளை. அன்றும் காலையிலேயே மாமனார் கொட்டகைக்கு வந்துவிட்டார்.

"மாப்பிள்ளை, நீங்க படிச்சவர்தானே?"

"இன்ஜினியரிங் மாமா."

"அந்தப் பட்டத்தையும் இதுலயே போட்டு அரைச்சிடுங்க. நல்லா இருக்கிற பொருளை நாசம் பண்றது ஒரு பொழப்பு. அதை வாயைப் பொளந்து பாக்க ஒரு கூட்டம். அதுங்க மூளையை எவன் அரைச்சானோ."

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்க மாமா, காதுல விழல."

மகள் தூணோரம் நின்று போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு மாசத்துக்கு முன்னாடி போட்ட பிரிட்ஜ் இன்னும் அப்படியே கிடக்கு. உருப்படாத வேலையைக்கூட உருப்படியாச் செய்யத் துப்பில்ல உங்களுக்கு. ஏம்மா, பெட்டியைக் கட்டு. இந்த ஆளோட நீ குப்பை கொட்டினது போதும்."

மகள் போனைத் தாழ்த்தினாள்.

"மோட்டார் எரிஞ்சு ரெண்டு மாசமாச்சுப்பா. இப்பதான் முன்னைவிடக் கூட்டம் அதிகம்."

"அரைக்கவே இல்லைன்னா எதைப் பாக்குதுங்க?"

மகள் போனை அவர் பக்கம் திருப்பினாள். திரையில் அவரே கையை நீட்டித் திட்டிக்கொண்டிருந்தார்.

மாமனாருக்கு முகம் சிவந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கீழே வந்திருந்த கமெண்டுகளை விரலால் தள்ளித் தள்ளிப் படித்தார்.

பிறகு சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொண்டார்.

"அந்தக் 'குப்பை'யை இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாம். வாசல்லேர்ந்து திரும்ப வரேன், எடு."