இரண்டு பானை

இலுப்பை மறுபடி பூத்ததும் கரடிக்குப் போன வருஷம் அந்தப் பூவில் மதுவுக்குப் போட்ட ஊறல் நினைவுக்கு வந்தது. ஆசை ஆசையாகப் போட்ட பானை, காற்றுப் பட்டுப் புளித்துக் காடியாகிப் போயிருந்தது.

“நான்தான் தினமும் காலையில் திறந்து திறந்து பார்த்தேன்,” என்று கூச்சத்தோடு தன் கூட்டாளி மரநாயிடம் சொன்னது.

மரநாய் மீசையைத் தடவிக்கொண்டது. “நான் சாயங்காலத்தில் பார்த்தேன், அண்ணே.”

ஒன்றையொன்று திட்டிக்கொள்ளவில்லை. இந்த வருஷம் இரண்டு பானை போட்டன. ஒன்று திறந்து பார்ப்பதற்கு, மற்றது முப்பது நாள் தொடாமல் வைப்பதற்கு.

ஐந்தாம் நாள் கரடி முதல் பானையைத் திறந்து முகர்ந்தது. அருமையான வாசனை. அப்படியானால் தொடாமல் வைத்த பானையும் இதே மாதிரி இருக்குமா என்று கவலை வந்துவிட்டது.

போய்ப் பார்த்தால், அங்கே மரநாய் மூடியைக் கையில் பிடித்தபடி நின்றது.

“நல்லாத்தான் இருக்கு, அண்ணே. நீங்களும் ஒரு தடவை பாத்துட்டா மூடிடலாம்.”