இப்படி ஒரு கட்டளை தெரியாது

எதை அடித்தாலும் டெர்மினல் காகிதத்தில் ஒரே பதில்தான் அச்சாகி வந்தது: ‘இப்படி ஒரு கட்டளை தெரியாது.’

சியாமளா மறுபடி மறுபடி அடித்துப் பார்த்தாள். இன்னும் சற்று நேரத்தில் டெல்லி அதிகாரிகள் அவள் எழுதிய புரோகிராமைப் பார்க்க வருகிறார்கள். அது ஓடினால்தான் அவளுக்கு வேலை நிரந்தரம்.

கல்பாக்கம் பக்கத்தில் இருந்த அந்தக் கம்ப்யூட்டர் நிலையத்துக்கு எழுபத்தெட்டில்தான் புது மெஷின் வந்திருந்தது. இருப்பது ஒரே மெஷின். ஆனால் உட்காரும் ஒவ்வொருவருக்கும் தனித்தனி மெஷின் போலவே நடந்துகொள்ளும். மற்றவர்களுக்கு எல்லாம் ஒழுங்காக ஓடியது. அவளுடையதில் மட்டும் கட்டளைகளைக் காணோம்.

பக்கத்து நாற்காலியில் துரை. அந்த மெஷினில் அவனுக்குத் தெரியாதது இல்லை.

"துரை, கொஞ்சம் வந்து பாருங்களேன்."

அவன் எழுந்திருக்கவில்லை. "உங்க மெஷின். நீங்களே பாருங்க."

இன்னொரு டெர்மினலில் வேலையாக இருந்த மார்கரெட் எழுந்து வந்தாள். "நகரு சியாமளா, நான் பாக்கறேன்."

"நீங்க ஒக்காருங்க மார்கரெட். யாரும் அதுல கை வைக்க வேணாம்" என்றான் துரை.

"இன்னா மனுஷன் நீங்க? அவ வேலை போனா உங்களுக்கு இன்னா கெடைக்கப் போவுது?"

மார்கரெட் முணுமுணுத்துக்கொண்டே தன் நாற்காலிக்குப் போனாள்.

சியாமளா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பதில் வருகிறதென்றால் மெஷினுக்கு உயிர் இருக்கிறது. ‘என்னோடு எந்தெந்த டிஸ்க் சேர்ந்திருக்கிறது?’ என்று கேட்டாள். மெஷினுக்குள்ளேயே பதிந்திருக்கும் கேள்வி அது; அதற்கு மட்டும் ஒழுங்காகப் பதில் வந்தது. அவளுடைய சொந்த டிஸ்க் இருந்தது. கட்டளைகள் எல்லாம் குடியிருக்கும் பொது டிஸ்க் இல்லை.

அப்படியானால் கட்டளைகள் தொலையவில்லை. இவளுக்கும் அவற்றுக்கும் நடுவில் வழிதான் இல்லை.

பொது டிஸ்கைத் தன் மெஷினோடு சேர்க்கச் சொல்லி ஒரே ஒரு வரி அடித்தாள். பிறகு பழைய கட்டளையை மறுபடி அடித்தாள்.

டெர்மினல் கடகடவென்று அச்சடிக்க ஆரம்பித்தது. மார்கரெட் கை தட்டினாள்.

டெல்லிக்காரர்கள் முன்னால் புரோகிராம் ஒரு தடங்கல் இல்லாமல் ஓடி முடிந்தது.

நிலையத் தலைவர் ஜம்புலிங்கம் சிரித்தார். "காலையில மெஷின் தகராறாமே. துரை, நீதானே சரி பண்ணே?"

துரை எழுந்து நின்றான். "நான் தொடல சார். வேற யாரும் தொடல. ரூம்ல இருந்த எல்லாரையும் கேட்டுப் பாருங்க. அவங்களே கண்டுபிடிச்சி, அவங்களே சரி பண்ணாங்க."

டெல்லி அதிகாரி ஜம்புலிங்கத்தைத் திரும்பிப் பார்த்தார். "அப்புறம் ஏன் இவங்களை இன்னும் நிரந்தரம் ஆக்கல?"

அன்றைக்கே ஆர்டர் வந்துவிட்டது.

சாயங்காலம் ஸ்டாஃப் பஸ்ஸுக்கு நிற்கும்போது சியாமளா கேட்டாள். "எல்லாம் தெரிஞ்சும் ஏன் துரை சும்மா இருந்தீங்க?"

"உங்க புரோகிராம் எல்லாம் துரைதான் எழுதித் தரான்னு டெல்லிக்கே சொல்லி வச்சிகீறார் நம்ம தலைவர். இன்னிக்கு நான் ஒரு எழுத்து அடிச்சிருந்தா, நீங்க எழுதின அத்தனையும் என்னுதாப் பூட்டிருக்கும்."