எடுக்காத குதிரை

என் புருஷன் குதிரையை எடுக்காமலேயே முதல் சிப்பாயை நகர்த்திவிட்டார்.

மேசையைச் சுற்றி நின்றவர்கள் கப்சிப் ஆகிவிட்டார்கள். எங்கள் வியன்னாக் காபிக்கடையில் அது நடக்கிற காரியமே இல்லை. இங்கே சதுரங்கம் பார்க்க வருகிற கூட்டம் ஆடுகிறவர்களைவிட அதிகமாகப் பேசும்.

எதிரே உட்கார்ந்திருந்த பிர்னருக்கு முகம் காதுவரை சிவந்துபோனது.

பிர்னர் கையுறை தைக்கிறவர். வாலிபத்திலிருந்தே என் புருஷன் கயேத்தானோடு ஆடுகிறார். கெட்டிக்காரன் ஒருவன் சுமாரான ஆளோடு உட்கார்ந்தால், ஆட்டம் தொடங்குமுன் தன் குதிரைகளில் ஒன்றை எடுத்துக் காபிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துவிடுவது இங்கே வழக்கம். ஒரு குதிரை இல்லாமலே உன்னை ஜெயிப்பேன் என்று அர்த்தம். கயேத்தான் ஒருநாளும் அதை எடுக்காமல் பிர்னரோடு ஆடியதில்லை.

"ஒரே ஒரு தடவை சமமா ஆடுங்க வாத்தியாரே. நிம்மதியா சாவேன்" என்று பிர்னர் கெஞ்சுவார்.

"முதல்ல குதிரை இல்லாத என்னை ஜெயி. சாவறதை அப்புறம் பார்க்கலாம்" என்பார் இவர். கடையே சிரிக்கும்.

என் புருஷன் பெரிய ஆட்டக்காரர் என்று நான் கதை விட மாட்டேன். மலையூர் ஒன்றில் நடந்த பந்தயத்தில் கடைசிக்கு முந்தின இடம்தான் கிடைத்தது. ஆனால் அங்கே முதல் பரிசு வாங்கிய மனிதரைத் தோற்கடித்தது இவர் ஒருவர்தான். அந்த ஒரு ஆட்டத்தை வைத்துக்கொண்டு ஆயுசு முழுக்கத் தலை நிமிர்ந்து நடந்தார். நான் இந்தக் கடையின் கல்லாவில் உட்கார்ந்து குடித்தனத்தை ஓட்டினேன்.

"பார்த்தீங்களா அம்மணி! உங்க வீட்டுக்காரர் என்னையும் ஒரு ஆளா மதிச்சிட்டாரு!" பிர்னர் மேசையிலிருந்தே கத்தினார். "எல்லாருக்கும் என் கணக்குல ஒயின் ஊத்தச் சொல்லுங்க!"

சிரித்து வைத்தேன். வேறென்ன செய்வது?

அன்று காலையில் சட்டைப் பொத்தானைப் போடத் தெரியாமல் குழந்தை மாதிரி என்முன் வந்து நின்றவர் அவர். குளிர்காலம் முழுக்க அப்படித்தான். இங்கே ஒருவரிடமும் நான் மூச்சு விடவில்லை. தெரிந்தால் பரிதாபப்படுவார்கள், பலகை முன்னால் அவர் உட்காரும் அந்த நாற்காலியும் போய்விடும். அதைத் தவிர அவருக்கு என்ன இருக்கிறது?

வீட்டில் எது மறந்தாலும் பலகை முன்னால் மறக்காது என்று நம்பித்தான் மறுபடி கூட்டி வந்தேன். என் பெயரும் மறக்கவில்லை. பொத்தானைப் போட்டுவிட்டதும், "லேனி, நீ இல்லாட்டி நான் தெருவுலதான்" என்று சிரித்தாரே.

ஒயின் வந்தது. எல்லோரும் குடித்தார்கள். பிர்னர் மட்டும் தொடவில்லை. பரீட்சைக்கு வந்த பையன் மாதிரி நெற்றியைத் துடைத்துத் துடைத்து ஆடினார்.

அந்தக் குதிரை மட்டும் மூலையில், யானைக்குப் பக்கத்தில், நின்ற இடத்திலேயே நின்றது.

"கடைசி அடிக்குப் பத்திரப்படுத்தி வச்சிருக்காருடா" என்று ஒருவர் கிசுகிசுத்தார். பிர்னரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். பயந்து பயந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் கயேத்தான் மூலையிலிருந்த யானையைப் பிடித்து, பக்கத்தில் ஒன்றுமே இல்லாதது போல நேரே தள்ளினார்.

யானை முட்டிக் குதிரை சாய்ந்தது. உருண்டு தரையில் விழுந்தது.

அவர் குனிந்து அதைப் பார்த்தார். முகத்தில் நிஜமான ஆச்சரியம்.

"இதை யாருய்யா இங்க வச்சது?"

ஒருவரும் சிரிக்கவில்லை. பிர்னர் தலை தூக்கி நேராக என்னைப் பார்த்தார். என் முகம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கும். அந்தப் பாவி மனிதரின் காதுச் சிவப்பு மெல்ல மெல்ல வெளுத்ததை நான் பார்த்தேன்.

குனிந்து குதிரையை எடுத்தார். சட்டைக் கையால் துடைத்தார். கயேத்தானின் காபிக் கோப்பைக்குப் பக்கத்தில், அது எப்போதும் இருக்கும் இடத்தில் வைத்தார்.

"நான்தான் வாத்தியாரே. நீங்க எப்பவும்போல எடுத்துதான் வச்சீங்க. நான் ஏதோ ஞாபகத்துல திரும்பப் பலகையில வச்சுத் தொலைச்சிட்டேன்."

சமமாக ஆடினேன் என்று அவர் இனி யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாது. ஒயின் குடித்தவர்கள் கோப்பைகளை ஓசையில்லாமல் கீழே வைத்தார்கள்.

கயேத்தானுக்கு ஒரே சிரிப்பு. "எடுத்து வச்சதைக்கூட மறந்துட்டியா? வயசாயிடுச்சுய்யா உனக்கு! உன்னையெல்லாம் வீட்டுல எப்படித் தனியா வெளிய விடறாங்க?"

"அதானே!" என்று முதலில் சிரித்தது பிர்னர்தான். பிறகு கடை முழுக்கச் சிரித்தது, ரொம்பச் சத்தமாக. அவர்களுக்காக நான் உயிரையே கொடுப்பேன்.

நானும் சிரித்தேன். போகட்டும், என் மனுஷனின் மானம் தப்பியது, வீட்டுக்குப் போய் அழுதுகொள்ளலாம் என்று நினைத்தேன்.

சிரித்துக்கொண்டே கயேத்தான் கல்லாப் பக்கம் திரும்பினார். அந்நியப் பெண்களிடம் செய்வது போல லேசாகத் தலை தாழ்த்தினார்.

"ஏங்க, அம்மணி, இந்த மனுஷனுக்கு நல்ல காபியா ஒண்ணு கொடுக்கச் சொல்லுங்க. பாவம், யாரோ எவரோ, ஞாபகம் தப்பிடுச்சு போல."

பிர்னர் கையால் முகத்தை மூடிக்கொண்டார்.

"சரிங்க ஐயா" என்றேன் நான்.