ஓங்கிய கை

மூட்டை இழுக்கிற கொக்கியைத் தோளுக்குள் மாட்டி யாரோ சுண்டிச் சுண்டி இழுக்கிற மாதிரி வலி. சுமைக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு வலது கையை மார்பு வரைக்கும் கொண்டுவந்தார். அதற்கு மேல் ஏறமாட்டேன் என்றது கை.

"அவ்வளவுதானா, பயில்வான்? அவன் கன்னம் அங்கயா இருக்கு? நெஞ்சுல அறைஞ்சு என்ன ஆகப்போகுது?" என்றார் டாக்டர்.

சுமைக்காரர் டாக்டரையே வெறித்துப் பார்த்தார். கை தோளைத் தாண்டி மேலே வந்தது.

"அப்படிப் போடுங்க" என்று டாக்டர் தொடையைத் தட்டினார்.

இந்த வைத்தியம் தற்செயலாக அமைந்தது. இங்கே வருமுன் மனுஷன் பார்க்காத வைத்தியமில்லை. எண்ணெய் தேய்த்தாயிற்று, பிளாஸ்திரி ஒட்டியாயிற்று, ஊசி போட்டாயிற்று. மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கியதே தவிர வலியை அசைக்கவில்லை. தலை சீவ முடியாது, புரண்டு படுக்க முடியாது, சட்டைகூட சம்சாரம்தான் மாட்டிவிட வேண்டும். மூட்டை சுமந்த உடம்புக்கு அதுதான் பெரிய அவமானம்.

டாக்டரும் ஒத்தடம், கரன்ட் என்று வைத்துப் பார்த்துச் சலித்துப்போனார். "யாரையாவது அறையணும்னு நெனச்சுக்கிட்டுத் தூக்குங்களேன்" என்று ஒருநாள் விளையாட்டாகச் சொன்னார். கை ஒரு சாண் ஏறிவிட்டது.

"யாருய்யா அந்தப் புண்ணியவான்?"

"இருக்காருங்க ஒருத்தர். என் பொழப்புல மண்ணை அள்ளிப் போட்டவர். ஓங்கி ஒண்ணே ஒண்ணு குடுக்கணும். அதுக்குத் தெம்பு வந்தாப் போதும்."

"மேஸ்திரியா?"

சுமைக்காரர் சிரித்துக்கொண்டே கையை மறுபடி தூக்கினார்.

டாக்டர் வலியிலேயே பழம் தின்று கொட்டை போட்டவர். சொந்தமாக இந்த வலி வைத்திய மையத்தைத் திறப்பதற்கு முன், வேலையில் அடிபட்டு வருகிறவர்களை இன்சூரன்ஸ் கம்பெனிக்காகச் சோதித்துச் சொல்லும் உத்தியோகம். நிஜ வலி எது, நடிப்பு எது என்று ஆள் கதவைத் திறக்கும்போதே தெரிந்துவிடும் என்று பெருமை பேசுவார். ஆனால் வன்மம் மருந்தாகும் என்று எந்தப் புத்தகத்திலும் அவர் படித்ததில்லை.

ஒருநாள் சுமைக்காரரின் சம்சாரம் வெளியே டாக்டரை மறித்தாள்.

"டாக்டர், இவர் அறையணும்னு கறுவிக்கிட்டு இருக்கிற அந்த மேஸ்திரி போன வருஷமே போய்ச் சேர்ந்துட்டாரு. இவர்கிட்ட நான் மூச்சு விடல. தெரிஞ்சா கையைக் கீழ போட்டுடுவாரு. நீங்களும் வாய் தவறிச் சொல்லிடாதீங்க."

"எனக்கென்னம்மா. கை ஏறினாச் சரி."

"எங்க வீட்டுப் பக்கமே ரெண்டு ஆஸ்பத்திரி இருக்கு. உங்ககிட்டதான் வருவேன்னு ஒத்தக் கால்ல நின்னாரு. எல்லாம் உங்க கைராசி."

டாக்டருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. செத்த ஆளை அறைவதற்கு ஒருத்தரைத் தயார் பண்ணுவது உள்ளூர வேடிக்கையாகவும் இருந்தது. மறுநாளிலிருந்து தன் கன்னத்தையே சாய்த்துக் காட்டினார்.

"இதுதான் அவன் மூஞ்சின்னு வெச்சுக்குங்க. வேகமா வீசணும். காத்து என் மேல படணும்."

வீசிய கை விரற்கடை தூரத்தில் நின்றது.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"இன்னும் பலம் வரலீங்க டாக்டர். அரைகுறையா அடிச்சா மரியாதையா இருக்காது."

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார்.

மாதங்கள் போயின. சுமைக்காரர் தானே தலை சீவிக்கொண்டு வந்தார், பிறகு தானே சட்டை மாட்டிக்கொண்டு வந்தார். அவர் பொத்தான் போடுவதைப் பார்த்துச் சம்சாரம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒருநாள் கை காதை உரசிக்கொண்டு நேராக மேலே போயிற்று.

"முடிஞ்சுதுய்யா. இனிமே நீங்க வர வேண்டாம்" என்றார் டாக்டர். சொன்னதும் மனம் உறுத்தியது. இந்த ஆள் இங்கிருந்து நேராக மேஸ்திரியைத் தேடிப் போய் வெறுங்கையோடு திரும்புவானே. சம்சாரத்தை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"பயில்வான், மனசைத் தேத்திக்கணும். நீங்க அறையறதுக்கு அந்த மேஸ்திரி உயிரோட இல்ல."

"தெரியுமே."

"தெரியுமா?"

"சேதி வந்த அன்னிக்கே தெரியும். அவ மூடி மறைக்கப் படற பாட்டைப் பாத்து, நானும் தெரியாத மாதிரியே இருந்துட்டேன்."

"அப்ப யாருக்காக இவ்வளவும்?"

"மேஸ்திரி என்ன பண்ணாரு பாவம். மூட்டையை ஏத்திவிட்டாரு, அது அவர் வேலை. தோள் கிழிஞ்சு, நஷ்டஈடு கேட்டு ஒரு டாக்டர் முன்னாடி போய் நின்னேன். தொட்டுக்கூடப் பாக்கல. தலையை நிமிர்த்தாமலே 'இவன் நடிக்கிறான்'னு எழுதிட்டாரு. இருந்த வேலையும் போச்சு."

டாக்டர் அப்போதுதான் தோளை விட்டுவிட்டு அந்த முகத்தைச் சரியாகப் பார்த்தார்.

சுமைக்காரரின் வலது கை, ஒரு முனகல்கூட இல்லாமல், மெல்ல மேலே எழுந்தது.

"உங்களுக்கு ஒரு அறை பாக்கி இருக்கு, டாக்டர்."